மிக்சர் நிற்கும் இடமெல்லாம்

நிற்கட்டும். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கட்டும், இன்றைக்கு நான் இழுக்கப் போவதில்லை. இந்தக் கரண்ட் கம்பத்தின் அடியில் அப்படி என்னதான் இருக்கிறதோ, மிக்சர் மூக்கை வைத்தது வைத்தபடி நிற்கிறது, வால் ஆடவில்லை, காது அசையவில்லை, மூக்கின் நுனி மட்டும் ஈரமாகத் துடிக்கிறது. கயிற்றைத் தளர விட்டுப் பிடிக்க வேண்டும், அது தானாக நிமிர்கிற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது என்பான் மிதுன். என்பான். நல்ல சொல் இது, முன்னால் சொல்லிக்கொண்டிருந்ததற்கும் பொருந்துகிறது, இனிமேல் சொல்லப் போவதற்கும் பொருந்துகிறது, கேட்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. சொன்னான் என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை. போன மாதம் வேலைக்குக் கிளம்பிய என் பையன் மெயின் ரோட்டில் ஒரு லாரிக்கு அடியில் போய்விட்டான், இருபத்தாறு வயது, அவன் வளர்த்த நாய் இது, இன்று மத்தியானம் என் கொழுந்தனார் வண்டி கொண்டுவந்து இதைக் கிணத்துக்கடவுத் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போகப் போகிறார். முடிவு செய்தது என் வீட்டுக்காரர். தெருவில் எந்த பைக் சத்தம் வந்தாலும் மிக்சர் வாசலுக்கு ஓடுகிறது, அந்த பைக் தாண்டிப் போனதும் திரும்பி இவர் முகத்தைப் பார்க்கிறது, அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை ஜோதி என்றார், லேத் பட்டறையில் காலமெல்லாம் இரும்போடு மல்லுக்கட்டின மனுஷன். நான் சரி என்றேன். எதற்கும் சரி என்று சொல்லிவிடுவது இப்போது சுலபமாக இருக்கிறது. ஒன்றே ஒன்று மட்டும் எனக்கு வேண்டும், இது போவதற்கு முன்னால், மிதுன் தினமும் காலையில் இதைக் கூட்டிக்கொண்டு எங்கே போனான் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

ஏனென்றால் எங்கள் காலனியைச் சுற்றி வர, இந்த முட்டி வலியோடு எனக்கே கால் மணி நேரம் ஆகாது. அவனுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். என்னடா பண்றே என்றால், அது மோந்து பாக்குதும்மா என்பான். குட்டியாக இருந்தபோது மிக்சர் வீட்டில் ஒரு செருப்பை விட்டு வைக்கவில்லை, சோபாவின் ஒரு மூலையைத் தின்றே தீர்த்தது, இவருடைய கண்ணாடிக் கூட்டைக்கூட மென்று துப்பியது. நாய் டாக்டரிடம் கொண்டு போனால் அவர் மருந்து எழுதாமல் இவனைத் திட்டி அனுப்பினாராம், ஓட ஓட இழுத்துக்கொண்டு போய்த் திரும்பிக் கூட்டி வந்தால் அதற்குக் கால்தான் வலிக்கும், மூளைக்கு வேலை எங்கே இருக்கிறது, நின்று மோந்து பார்க்க விடு, அதற்கு உலகமே மூக்கில்தான் இருக்கிறது என்று. அன்றிலிருந்து இவன் அதையே பிடித்துக்கொண்டான். நாய் நின்றால் இவனும் நிற்பான், நாய் குனிந்தால் இவனும் குனிந்து என்னவென்று பார்ப்பான். என் வீட்டுக்காரர் சும்மா விடுவாரா. உன்ற நாய் என்ன கார்ப்பரேஷன் இன்ஸ்பெக்டரா, ஒவ்வொரு கம்பமா செக் பண்ணிட்டு வருது என்பார். பெயர் விஷயத்திலும் அப்பனுக்கும் மகனுக்கும் ஒத்துப் போகவில்லை, ராஜபாளையமும் தெரு நாயும் கலந்ததற்கு மிக்சர் என்று வைக்காமல் வேறு என்ன வைப்பது என்று அவன், வெளியில் நின்று கூப்பிட்டால் பேக்கரிக்காரன் எட்டிப் பார்க்கிறான் என்று இவர். ஆனால் செருப்புகள் பிழைத்தன. மோந்து பார்த்துவிட்டு வந்த நாள்களில் அது பேசாமல் மதியம்வரை படுத்துத் தூங்கியது. வயிறு நிறைந்தவர்கள் தூங்குவார்களே, அந்தத் தூக்கம். நிமிர்ந்துவிட்டது. வா போலாம். இல்லை, நான் சொல்லக் கூடாது, அதுவே போகட்டும்.

போகிறது. காம்பவுண்டுச் சுவர் ஓரமாகவே போகிறது, ஒரு வீட்டு வாசல் கோலத்தை மிதிக்காமல் சுற்றிப் போகிறது, இதை இதற்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள், அவன்தான் சொல்லிக் கொடுத்திருப்பான். இப்போது ஒரு பழைய டயர். டயரில் என்ன இருக்கிறது மிக்சர், அவன் உட்கார்ந்தானா இதில், செருப்பை உதறினானா, என்னிடம் சொல்லேன். எனக்கு மட்டும் அந்த மூக்கு இருந்திருந்தால். வீட்டில் ஒன்றும் இல்லை, அதைத்தான் யாரிடமும் சொல்ல முடியாமல் இருக்கிறேன். எடுத்துக்கொண்டு போன பிறகு வீட்டைக் கழுவி விட வேண்டும், அது முறை, யாரும் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. என் நாத்தனாரும் இன்னும் நாலைந்து பேரும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள், பினாயிலை ஊற்றித் தேய்த்தார்கள். அதோடு விட்டிருக்கலாம். அவன் அறைக்குள் போய், தலையணை உறை, போர்வை, கொடியில் கிடந்த துண்டு, நாற்காலி முதுகில் அவன் கழற்றிப் போட்டிருந்த டி-ஷர்ட், கதவுக்குப் பின்னால் தொங்கிய லுங்கி, எல்லாவற்றையும் அள்ளி மெஷினில் போட்டார்கள். நல்ல மனதோடுதான் செய்தார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வராது. நான் பக்கத்து அறையில் யார் மடியிலோ கிடந்தேன். மெஷின் சுற்றுகிற சத்தம் காதில் விழுந்துகொண்டே இருந்தது, நின்றது, மறுபடி தண்ணீர் இறங்கிச் சுற்றியது. அதில் என்ன சுற்றுகிறது என்று எனக்கு அப்போது புத்தியில் ஏறவில்லை. மறுநாள் மிக்சர் அவன் கட்டிலுக்குப் போய் மூக்கை வைத்தது, தலையணையில் வைத்தது, ஓரம் ஓரமாகத் தேடி வைத்தது, இரண்டு தும்மல் போட்டுவிட்டு வெளியே வந்து படுத்துக்கொண்டது. நானும் போய் வைத்துப் பார்த்தேன். சோப்புத் தூள் வாசம். இருபத்தாறு வருஷம் அந்த வீட்டில் புழங்கின பிள்ளை, பிறந்தபோது உச்சந்தலையில் ஒரு வாசம் இருக்குமே, பள்ளிக்கூடம் விட்டு வந்தால் சட்டைக் காலரில் ஒரு வாசம், பெரியவனான பிறகு ஹெல்மெட்டைக் கழற்றும்போது ஒரு நாற்றம், அந்த நாற்றத்தை நான் எவ்வளவு திட்டியிருக்கிறேன், எல்லாவற்றையும் ஒரே மத்தியானத்தில் துவைத்துக் காயப் போட்டுவிட்டார்கள். ஆகவே வீட்டில் அவன் இல்லை. எங்கேயாவது இருந்தால் தெருவில்தான் இருக்க வேண்டும், இந்தச் சுவர்களில், இந்தக் கம்பங்களில், தெருவை யாரும் கழுவி விடவில்லை.

மழை கழுவியிருக்குமோ. நடுவில் பெய்ததே. பெரிய மழை இல்லை, தூறல்தான், ஆனாலும். நாய்க்கு மழைக்குப் பிறகும் தெரியுமா, எத்தனை நாள் வரைக்கும் தெரியும், ஒரு மாதத்துக்கு அப்புறமும் நிற்குமா, இதையெல்லாம் கேட்டால் சொல்லக் கூடியவன் அவன் ஒருத்தன்தான். மிக்சர் இப்போது மஞ்சள் காம்பவுண்டு மூலையில் நிற்கிறது, முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது, மூச்சை இழுக்கிற சத்தம் எனக்கே கேட்கிறது, கண்ணைக்கூட மூடிக்கொண்டது. இந்த உயரத்தில்தான் அவன் கை வைத்திருப்பான். செருப்பில் கல் புகுந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டுதானே உதறுவோம். இது அவன்தான். எனக்குத் தெரியும், இது அவன்தான். நான் குனிந்தேன். நைட்டியின் மேல் போட்டிருந்த துண்டு நழுவியதைக்கூடக் கவனிக்காமல், முட்டி வலியோடு முக்கால்வாசி மண்டியிட்டு, அந்தச் சுவரில் என் மூக்கை வைத்தேன். சுண்ணாம்பு. தூசி. அப்புறம் நாய் மூத்திரம். இன்னும் அழுத்தி வைத்தேன், கன்னத்தில் சுவர் உரசியது, அப்போது பின்னால் ஸ்கூட்டி ஒன்று வந்து நின்றது. பின் தெரு பிரேமலதா. என்னங்க்கா, எதாச்சும் உழுந்துருச்சுங்களா என்றாள். ஆமா, தோட்டுத் திருகாணி என்றேன், வாய்க்கு வந்தது. நல்ல பெண், வண்டியை ஸ்டாண்ட் போட்டுவிட்டு இறங்கி வந்து என்னோடு அவளும் தேட ஆரம்பித்துவிட்டாள். இரண்டு பேரும் காம்பவுண்டு மூலையில் குனிந்து, இல்லாத திருகாணியை மண்ணைக் கிளறித் தேடுகிறோம், மிக்சர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்க்கிறது. தேடிக்கொண்டே அவள் சொன்னாள், தம்பி தவறுனதுல இருந்து உங்களைப் பாக்கவே முடியறதில்லீங்க்கா. தவறினது. எல்லோரும் இந்த வார்த்தையைத்தான் சொல்கிறார்கள், மரியாதைக்குச் சொல்கிறார்கள், எனக்கு அது தொண்டையில் முள்ளாக நிற்கிறது. பஸ்ஸைத் தவற விடுவார்கள், கை தவறித் தட்டு விழும், சொன்ன வாக்குத் தவறும். என் பையன் எதைத் தவறினான். இடது பக்கம்தான் போனான், மெதுவாகத்தான் போனான், பார்த்தவர்கள் அத்தனை பேரும் சொன்னார்கள். தவறு செய்தவன் அடுத்த வாரமே லாரியை எடுத்துக்கொண்டு போய்விட்டான், தவறிவிட்டான் என்ற பெயர் என் பிள்ளைக்கு. விடு பிரேமா, வீட்டுலயே விழுந்திருக்கும் என்று சொல்லி அவளை அனுப்பி வைத்தேன். அவள் போகும்போது என் காதைப் பார்த்தாள். இரண்டு தோடும் இருந்தன, திருகாணியோடு இருந்தன. பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் வண்டியைக் கிளப்பினாள், அந்த மட்டுக்கும் புண்ணியம்.

சந்து முக்கு. இங்கேதான் இத்தனை நாளும் தகராறு. மிக்சர் வலது பக்கம் இழுக்கும், அங்கே சாக்கடைப் பாலமும் பட்டறைகளும், அதற்கு அப்பால் எனக்குத் தெரிந்தவர்கள் யாருமில்லை, நான் இதை வீட்டுப் பக்கம் திருப்பிவிடுவேன். இன்று கயிற்றை விட்டுப் பிடித்தேன். அது ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தது, நிஜமாகத்தானா என்று கேட்கிற பார்வை, அப்புறம் பாலத்தில் ஏறிவிட்டது. பட்டறைகள் அப்போதுதான் திறந்திருந்தன, கூலன்ட் எண்ணெய் வாசம், இரும்புப் பிசிறு வாசம், இது எனக்குத் தெரிந்த வாசம், இவருடைய சட்டையில் ஆயுசுக்கும் துவைத்தும் போகாத வாசம், எது போக வேண்டுமோ அது போகாது. அதைத் தாண்டி வார்ப்புப் பட்டறையின் கரிப் புகை. ஒரு பேக்கரியில் பன் வேகிற வாசம். இவ்வளவு வாசத்துக்கு நடுவில் போகிறோம், மிக்சர் ஒன்றையும் சட்டை செய்யவில்லை. அது எனக்குச் சற்று நேரம் கழித்துத்தான் உறைத்தது. ஒவ்வொரு கம்பத்துக்கும் நின்ற நாய், டயரை விடாத நாய், இப்போது ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை, தலையைத் தூக்கிக்கொண்டு நேரே போகிறது, வால் ஆட ஆரம்பித்துவிட்டது, போகிற இடம் தெரிந்த நடை. எனக்கு மூச்சு வாங்குகிறது. மெதுவாப் போ மிக்சர். அப்படியானால் அந்த ஒரு மணி நேரமும் இவன் மோந்து பார்க்க விட்டுக்கொண்டு நிற்கவில்லை. இங்கே எங்கேயோ வந்து நின்றிருக்கிறான். அது மோந்து பாக்குதும்மா. அடத் திருட்டுப் பயலே. நாய் டாக்டர், மூளை, மூக்கு, எல்லாம் நிஜம்தான், ஆனால் அந்த நிஜத்துக்குள்ளே பூந்து நீ உன் காரியத்தைப் பார்த்திருக்கிறாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நடுத்தெருவில் நைட்டியோடு நாயைப் பிடித்துக்கொண்டு வாய் விட்டுச் சிரித்தேன், போன மாதத்துக்குப் பிறகு முதல் சிரிப்பு, அது பாதியில் வேறு ஏதோவாக மாறப் பார்த்தது, துண்டை வாயில் வைத்து அடைத்துக்கொண்டேன். எனக்குத் தெரியாத ஒன்று அவனிடம் இருந்திருக்கிறது. தெரியாதது இன்னும் பாக்கி இருக்கிறவரைக்கும் அவன் முழுதாக முடிந்து போகவில்லை என்று ஏனோ தோன்றியது.

நீலக் கேட்டு. சின்ன வீடு, குரோட்டன்ஸ் தொட்டிகள், வாசக்கால் மேலே மரத்தில் செய்த சிலுவை. கேட்டின் அடியில் ஒரு ஐஸ்கிரீம் டப்பா, சாய்ந்துவிடாமல் கம்பி போட்டுக் கட்டியிருந்தது, அதில் தண்ணீர். மிக்சர் தன் வீட்டுப் பாத்திரத்தில் குடிப்பதுபோல உரிமையோடு குடிக்க ஆரம்பித்தது. நான் தண்ணீரைப் பார்த்தேன். தூசி இல்லை, புழு இல்லை, ஒரு சருகு இல்லை, இன்று காலையில் ஊற்றின தண்ணீர். குடிக்கிற சத்தம் கேட்டுக் கதவு திறந்தது. ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஒரு பெண், மாநிறம், கழுத்தில் மெல்லிசாக ஒரு செயின். மிக்சரு என்று சொல்லிக்கொண்டே ஓடி வந்தாள், கேட்டைத் திறந்து தரையில் உட்கார்ந்தேவிட்டாள், அது அவள் மேல் ஏறி முகம், காது, கழுத்து என்று நக்குகிறது, அவளுடைய துண்டு அவிழ்ந்து விழுகிறது. எங்கடா இருந்தே, எங்கடா இருந்தே என்று அதைத்தான் கேட்டாள். அப்புறம் கயிற்றின் வழியாகவே கண் மேலே வந்தது, கயிற்றின் இந்த நுனியில் அவள் தேடினவன் இல்லை, நான் இருந்தேன். முகம் மாறிவிட்டது. எழுந்து நின்று மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு, மிதுனோட அம்மாங்களா என்றாள். ஆமா கண்ணு, உன் பேரு என்ன என்றேன். ஜெனிட்டா என்றாள். வீட்டுக்குள் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கிக்கொண்டாள்.

"நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு தெரியுதுங்க. உள்ள அப்பா இருக்காரு, சத்தம் மட்டும் போட்டுறாதீங்க. நான் அவரு பின்னால வரலீங்க. மெசேஜெல்லாம் ஒத்த டிக்குலயே நிக்குது, பிளாக் பண்ணீட்டாருன்னு எனக்குப் புரிஞ்சுதுங்க. வேண்டாம்னா நேர்ல வந்து சொல்லியிருக்கலாம். இதுக்குப் போயி அம்மாவை அனுப்பிச்சிருக்க வேண்டாம்."

ஒற்றை டிக். போலீஸ்காரர் அந்தப் போனைப் பாலிதீன் கவரில் போட்டுக் கொடுத்தார், பல்லாங்குழிச் சோழிபோலக் குலுங்கியது, அதை நான் பீரோவில் வைத்திருக்கிறேன். இவள் அனுப்பினதெல்லாம் அதைத் தேடி வந்து போக வழியில்லாமல் நின்றுகொண்டிருக்கிறது. கண்ணீர் அஞ்சலி போஸ்டர்களும் எங்கள் பக்கத்தோடு நின்றுவிட்டன, பாலத்தைத் தாண்டி ஒட்ட யாருக்கும் தோன்றவில்லை, இந்தப் பக்கம் அவனுக்கு யார் இருக்கிறார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். பையனுடைய அம்மா தேடி வந்து கேட்டுக்கு வெளியே நின்றால் அது எதற்கு என்று இந்த ஊரில் எந்தப் பெண்ணுக்கும் சொல்ல வேண்டியதில்லை, அதுவும் வாசக்காலில் சிலுவை இருக்கிற வீட்டுப் பெண்ணுக்கு. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு என் வசவுக்காகக் காத்திருந்தாள். அப்போது எனக்கு ஒரு ஆசை வந்தது, பேராசை. இந்தக் கேட்டுக்கு உள்ளே என் பையன் உயிரோடு இருக்கிறான். ஏமாற்றுக்காரனாக இருக்கிறான், அம்மா முந்தானைக்குப் பின்னால் ஒளிந்தவனாக இருக்கிறான், ஆனால் இருக்கிறான், எங்கேயோ எழுந்து பல் தேய்த்து வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறான். உலகத்தில் வேறு எந்த இடத்திலும் அவன் இப்போது அப்படி இல்லை. ஆமா, அவனை மறந்துரு என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் திரும்பினால் போதும். இவள் கொஞ்ச நாள் அழுவாள், அப்புறம் கோபப்படுவாள், கோபம் வந்தவர்கள் பிழைத்துக்கொள்வார்கள், கல்யாணம் செய்துகொள்வாள், எப்போதாவது நினைத்துக்கொண்டு நாசமாப் போனவன் என்பாள், அந்தத் திட்டில் அவன் கிழவனாகிற வரைக்கும் வாழ்ந்துகொண்டிருப்பான். எனக்கும் இவளுக்கும் இரண்டு பேருக்குமே லாபம். கயிற்றைச் சுருட்டக்கூட ஆரம்பித்துவிட்டேன். மிக்சர் மறுபடி டப்பாவில் வாயை வைத்தது, சளப் சளப்பென்று குடித்தது. கோபக்காரிக்கு இந்தத் தண்ணீர் எதற்கு. பிளாக் பண்ணினவன் நாய்க்குத் தினம் காலையில் யார் டப்பாவைக் கழுவி ஊற்றி வைக்கிறார்கள். இவள் என்ன கோபப்படுவாள், இவளும் என்னைப்போல வாசலில்தான் நிற்கிறாள், பைக் சத்தத்துக்கெல்லாம் எட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருப்பாள், இருபது வருஷமானாலும் பார்ப்பாள். அதோடு என் பிள்ளை யாரையும் ஏமாற்றினவன் இல்லை. ஊரே அவனைத் தவறினவன் என்று சொல்லட்டும், இவள் ஒருத்தி சொல்லக் கூடாது.

"அவன் உன்னை மட்டும் விட்டுட்டுப் போகல கண்ணு. எங்க எல்லாத்தையும் விட்டுட்டுப் போயிட்டான்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. என் முகத்தைப் பார்த்தாள், பொட்டு வைக்காத என் நெற்றியைப் பார்த்தாள், நாயைப் பார்த்தாள், அப்புறம் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். எப்போது என்று கேட்டாள், சொன்னேன். லாரி என்று சொன்னேன். அவள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டாள், அழவில்லை, உள்ளே அப்பா இருக்கிறாரே, அழுதால் யாருக்கு என்று கேட்பாரே, இந்தப் பெண்ணுக்கு வாய் விட்டு அழக்கூட இடமில்லையே. இனி இவள் கேட்கப் போவதை நான் அறிவேன். ஒரு மாதமாக எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள், ஹெல்மெட் போட்டிருந்தானா, எந்த ஆஸ்பத்திரி, லாரிக்காரனைப் பிடித்தார்களா, இன்சூரன்ஸ் வருமா, வந்தவர்கள் ஒவ்வொருவரும் கேட்டு நான் ஒவ்வொருவருக்கும் சொல்லி எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. மத்தியானம் கொழுந்தனார் வண்டி வரட்டும், வந்து நிற்கட்டும், வெறும் வண்டியாகவே திரும்பிப் போகட்டும், மிக்சரை எங்கேயும் அனுப்பப் போவதில்லை, என் வீட்டுக்காரருக்கு நான் சொல்லிக்கொள்கிறேன், இந்தப் பாலத்தைத் தாண்ட எனக்கு வேறு யார் இருக்கிறார்கள். அவள் கீழே விழுந்து கிடந்த துண்டை எடுத்தாள், மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"அன்னிக்குக் காலைல சாப்பிட்டுட்டுத்தான் போனாருங்களா?"

கேட்டு நிலையைப் பிடித்துக்கொண்டு அந்தப் படியிலேயே உட்கார்ந்தேன், அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள், மிக்சர் இரண்டு பேர் கால் மேலும் படுமாறு குறுக்கே படுத்துக்கொண்டது. இதை என்னிடம் யாரும் கேட்கவில்லை. அவன் அப்பாகூடக் கேட்கவில்லை.

"சாப்பிட்டான் சாமி. தோசைதான். இன்னும் ஒண்ணு ஊத்தட்டுமாடான்னு கேட்டேன். நேரமாயிருச்சு, வந்து சாப்பிடறேம்மான்னான்."